கணித ஆசான் ராசின் சுவாமியார்

கல்வி புகட்டுவோரை இருவகையினராகப் பிரிக்கலாம். தாம் அறிந்ததனைத்தையும் தெளிவாக எடுத்துரைத்து, மாணவரைப் பரீக்ஷையில் தேறச் செய்வோர் ஒருவகையினர். தாம் அறிந்ததற்கு அப்பாலும் அறியத்தக்கது உண்டெனக் காட்டி, அங்கே செல்லும் வழியைச் சுட்டி, மாணவரை முன்னே போகவிட்டுத் தாம் பின்னே நிற்போர் மற்றொருவகையினர். முதல்வகை ஆசிரியரின் பயனை அவ்வாண்டின் இறுதியிலேயே கண்டுகொள்ளலாம். இரண்டாம் வகையினரின் பயன் இருபது அல்லது முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரே புலப்படும். அதற்குள் அவர்களுள் பலர் மறக்கப்பட்டும் போவர். அவ்வாறு மறக்கப்படலாகாத ஒருவர், திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் கணிதம் கற்பித்த சேசு சபைத் துறவியாகிய சங்கைக்குரிய சார்லஸ் ராசின் சுவாமியார். அன்னாரின் சரித்திரத்தை மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்தும் உயர்கல்வி நாடிப் புறப்படும் இளைஞருக்கு இவ்வரலாறு சிறப்பாக உரியது. இன்று இரு மாவட்டங்களாக விளங்கும் அப்பகுதி முழுவதும் ராசின் சுவாமியார் தமிழகம் வந்த நாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடபாகமாக இருந்தது. 1995-ம் ஆண்டிலே பெரம்பலூரும், 2007-ம் ஆண்டிலே அரியலூரும் தனித்தனி மாவட்டத் தலைநகரங்களாயின. அந்நாளில் அப்பகுதி மாணவர் உயர்கல்விக்குத் தெற்கே கொள்ளிடம் கடந்து திருச்சிக்கேனும், வடக்கே புகைவண்டியேறிச் சென்னைக்கேனும் செல்ல வேண்டியிருந்தது. சுவாமியார் கற்பித்த இரு கலாசாலைகளும் அவ்விரு நகரங்களிலேயே இருந்தன.

மற்றொரு தொடர்பும் உண்டு. அரியலூர்ச் சீமையின் கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் போற்றி, அங்கு வாழ்ந்து தமிழ் வளர்த்தவர் வீரமாமுனிவர். அவரும் சேசு சபையினரே. இத்தாலியில் 1680-ம் ஆண்டு பிறந்து, கடல் கடந்து வந்து, நம் மொழியை நமக்கே அகராதியாகத் தொகுத்து அளித்தார். அவருடைய சதுரகராதி 1732-ம் ஆண்டினது. சொற்களை எங்கே தேடுவதென்று அவர் நமக்குக் காட்டினார். இரண்டு நூற்றாண்டுகளின் பின் அதே சபையினின்று வந்த ராசின் சுவாமியார், நவீன கணிதம் என்னும் புதுமொழியை எங்கே தேடுவதென்று காட்டினார். முன்னவரின் புகழை நம் ஊரார் யாவரும் அறிவர். பின்னவரின் பெயரோ கணிதப் புலவர் நடுவிலன்றி வெளியே அதிகம் வழங்குவதில்லை.

ராசின் சுவாமியார் 1897-ம் ஆண்டு பிரான்சு தேசத்தில் பிறந்தார். துறவறம் பூண்டு சேசு சபையிற் சேர்ந்த அவர், சபையின் நீண்ட பயிற்சியோடு கணிதக் கல்வியையும் விடாது பயின்றார். பாரிஸ் மாநகரிலே எலீ கார்த்தான் என்னும் மகாமேதையின் மேற்பார்வையில் ஆராய்ச்சி புரிந்து, 1934-ம் ஆண்டிலே டாக்டர் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு.

எலீ கார்த்தானைப் பற்றி ஒரு செய்தியை இங்கு கூறாமற் போதல் தகாது. அவர் தொலெமியூ என்னும் சிற்றூரில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாக 1869-ம் ஆண்டு பிறந்தவர். பட்டறையின் ஓசையிலே வளர்ந்த அச்சிறுவனின் கூர்மதியை, கிராமப் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் கண்டுகொண்டு, உதவிச் சம்பளத்துக்கு வழி செய்தார். அவ்வுதவி இல்லையேல் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வடிவகணித அறிஞருள் ஒருவரை உலகம் இழந்திருக்கும். திறமை எவ்விடத்தும் பிறக்கும். அதைக் கண்டறியும் கண் மட்டுமே அரிது. இவ்வுண்மைக்குத் தம் வாழ்க்கையே சான்றான ஓர் ஆசானிடம் ராசின் சுவாமியார் பயின்றார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. பிற்காலத்தில் அவர் சென்னையில் ஆற்றிய தொண்டும் அத்தகைய கண்டறிதலே.

அவர் ஆராய்ந்த பொருள், சார்பியற் கொள்கையில் பல பொருள்களின் இயக்கம் பற்றியது. கணிதம் பயிலாதவரும் அதன் அருமையை ஓரளவு உணரலாம். சூரியனும் ஒரு கிரகமும் மட்டுமே இருப்பின், அக்கிரகம் எவ்வழிச் செல்லும் என்பதை நியூட்டனின் விதிகளைக் கொண்டு முற்றக் கணக்கிடலாம். அது நீள்வட்டத்திற் செல்லும். மூன்றாவது பொருள் ஒன்று புகுந்துவிட்டால் கணக்கு பெருஞ்சிக்கலாகி விடுகிறது. அச்சிக்கலைத் தீர்க்கும் எளிய சூத்திரம் இல்லை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புவான்காரே முதலியோர் கண்டனர். பின்னர் 1915-ம் ஆண்டில் ஐன்ஸ்டீன் புதுக்கொள்கையை வெளியிட்டு, ஈர்ப்பு என்பது இடமும் காலமும் வளைவதன் விளைவே என்றார். அக்கொள்கையில் ஒரு பொருளின் ஈர்ப்பையும் மற்றொன்றின் ஈர்ப்பையும் தனித்தனியே கண்டு கூட்டிவிட இயலாது. ஒன்று மற்றொன்றைத் திரிக்கும். ஆகவே இரண்டு பொருள்களின் கணக்கே பழைய மூன்று பொருள்களின் கணக்கினும் கடினமாயிற்று. இத்தகைய கடினத் துறையிலே தம் ஆய்வுநூலை எழுதிய ஒருவர், தம் தேசத்திலேயே தங்கியிருப்பின் ஆராய்ச்சியாளராக உயர்ந்திருத்தல் கூடும். ஆராய்ச்சியும் துறவும் ஒன்றற்கொன்று முரண்பட்டவை அல்ல. எனினும் துறவிக்குத் தம் சபை அனுப்பும் இடமே இடம். 1937-ம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அவர் முதலில் கற்பித்த இடம் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கலாசாலை. அது 1844-ம் ஆண்டு நாகப்பட்டினத்தில் நிறுவப்பெற்று, 1883-ம் ஆண்டு திருச்சிக்கு மாற்றப்பட்ட பழம்பெருங் கலாசாலை. பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையப் பகுதிகளின் மாணவர் பலருக்குத் தலைமுறை தலைமுறையாக உயர்கல்வி அளித்து வந்தது. அங்கு அவர் தங்கிய காலம் குறுகியது. 1939-ம் ஆண்டு சென்னை லயோலா கலாசாலைக்கு மாற்றப்பட்டார். லயோலா அப்போது இளங்கலாசாலை. 1925-ம் ஆண்டிலேதான் பெர்திராம் சுவாமியாரால் தொடங்கப்பெற்றது. திருச்சியிலிருந்து அரியலூர் வழியே விழுப்புரம் செல்லும் குறுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டும் அப்போது ஏறத்தாழப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. சென்னை சேர்ந்த அவர் 1967-ம் ஆண்டு வரை, ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள், லயோலாவிலேயே கற்பித்தார்.

அவர் வந்த காலத்தில் நம் மாகாணத்தில் கணிதக் கல்வி எந்நிலையில் இருந்தது என்பதை நோக்கினாலன்றி அவர் செய்த தொண்டின் அளவு விளங்காது. கணிதம் இங்கே வறண்டிருந்தது என எவரும் எண்ணவேண்டா. கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய ஆனந்த ராவ் அவர்கள் பிரசிடென்சி கலாசாலையில் பேராசிரியராக விளங்கினார்; எஸ். எஸ். பிள்ளை, விஜயராகவன் முதலிய பெருங் கணிதரை உருவாக்கியவர் அவர். சென்னைச் சர்வகலாசாலையில் வைத்தியநாதசுவாமி அவர்கள் புதுத்துறைகளில் ஆராய்ச்சியை வளர்த்தார். ஆயினும் கலாசாலை வகுப்புகளில் வழங்கிய கணிதம் பெரும்பாலும் ஆங்கில நாட்டுப் பழைய பரீக்ஷை முறையைத் தழுவியது. அரிய கணக்குகளை விரைவிலே செய்து முடிக்கும் சாமர்த்தியமே அங்கே திறமையாக மதிக்கப்பட்டது. கேள்வித்தாளைத் தயாரிப்பது சர்வகலாசாலை. அதற்கு மாணவரைத் தயார் செய்வது கலாசாலை. இவ்விரண்டுக்கும் இடையே, கணிதம் என்பது இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்னும் செய்தி மாணவர் செவியில் விழுவதற்கு இடமே இல்லாதிருந்தது.

கொள்ளிடத்துக்கு அப்பால், ஜெயங்கொண்டத்தார் எளிதிற் சென்றுவரும் கும்பகோணத்திலே வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். அவருக்கு மேதை இருந்தது. நூலும் ஒன்று கிடைத்தது. ஆனால் அந்நூல் பழையது. உலகக் கணிதம் அதைக் கடந்து எங்கே சென்றுவிட்டது என்பதை அவருக்குச் சொல்வார் அருகில் இல்லை. பிற பாடங்களில் தவறியமையால் கலாசாலைப் பரீக்ஷைகளில் தோற்றார். தாமே கடிதம் எழுதிக் கேம்பிரிட்ஜின் கதவைத் தட்டித் திறந்துகொண்டார். அது 1913-ம் ஆண்டின் செய்தி. கதவைத் தட்டும் துணிவும் மேதையும் அற்ற, ஆயினும் நல்ல திறமை வாய்ந்த மாணவர் எத்தனை பேர் வழி தெரியாமல் நின்றுவிட்டனரோ, அவர் கணக்கை எழுதினார் யார்? இந்தக் குறையையே ராசின் சுவாமியார் தம்மால் இயன்றவரை நீக்க முற்பட்டார்.

இனி அவருடைய வகுப்பினுள் நுழைவோம். தெளிந்த நீரோடை போன்ற சொற்பொழிவை எதிர்பார்த்துச் செல்வோர் அங்கு ஏமாற்றமடைந்திருப்பர். அவர் தாய்மொழி பிரெஞ்சு. அவ்வோசை கலந்த ஆங்கிலம் நம் மாணவர் செவிக்கு எளிதில் இசையவில்லை. பாடத்தை அளந்து, வகுத்து, குறிப்பெழுத ஏற்றவாறு கூறும் வழக்கமும் அவரிடம் அதிகம் இல்லை. அவர் விரிவுரைகளை எளிதிற் பின்தொடர இயலவில்லை என்பதை அவரைப் பெரிதும் போற்றிய மாணவர்களே மறைத்திலர். பரீக்ஷைக்கு வேண்டுவதை மட்டும் நாடிய ஒருவருக்கு அவ்வகுப்பு பெரும்பயன் தந்திராது.

அங்ஙனமாயின் அவர் எவ்வாறு பேராசானாயினார்? அவர் பேசிய கணிதம் பாடப்புத்தகத்தின் எல்லையில் நின்றுவிடவில்லை. பாரிசிலே கார்த்தானும் ஆதமாரும் அவர்தம் இளைய தலைமுறையினரும் எவற்றைச் சிந்திக்கின்றனர் என்பதை அவர் நேரில் அறிந்தவர். கார்த்தானின் புதல்வர் ஆன்றி கார்த்தான், ஆந்திரே வேய் முதலிய இளங்கணிதர் கூடி, 1930-களின் நடுவில் பூர்பாக்கி என்னும் கற்பனைப் பெயரின் கீழ்க் கணிதம் முழுவதையும் புதிய அடிப்படையில் எழுதத் தொடங்கினர். அம்முயற்சியின் பொருளை நம் நாட்டில் முதலில் உணர்ந்தோருள் ராசின் சுவாமியாரும் ஒருவர். வேய் 1930-ம் ஆண்டிலேயே இந்தியா வந்து, அலிகாரில் இரண்டாண்டுகள் பேராசிரியராக இருந்து திரும்பிவிட்டார். ராசின் சுவாமியாரோ வந்தவர் திரும்பவில்லை, இங்கேயே நிலைத்துவிட்டார். ஆகவே பாரிசின் சிந்தனை சென்னை மாணவனின் மேசைக்கு வந்து சேர அவர் ஒரு நிலையான பாலமாக அமைந்தார்.

எந்த நூலைப் படிப்பது, எதை விடுப்பது, எத்துறை வளர்கின்றது, எத்துறை முதிர்ந்து ஓய்ந்துவிட்டது என்று எடுத்துரைப்பது சிறுசெயலாகத் தோன்றலாம். நூலகத்தின் முன் தனியே நின்ற அனுபவம் உள்ளோர் அதைச் சிறிதென்று கூறார். ஆயிரம் நூல்களுள் நமக்குரிய ஒன்றை எடுத்துக் கையில் வைப்பவரே உண்மையில் நமக்கு வாசிக்கக் கற்பித்தவர். அவரிடம் பயின்றோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததும் இதையே. ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை அவர் விளக்கியதைவிட, அத்தேற்றத்துக்கு அப்பால் ஓர் உலகம் இருக்கிறது என்ற எண்ணத்தை ஊட்டியதே அவர் நெஞ்சில் நிலைத்தது.

இனி அவரால் பயன் பெற்றோர் சிலரைக் காண்போம். முதலாமவர் மீனாட்சிசுந்தரம். 1913-ம் ஆண்டு திருச்சூரிற் பிறந்து, ராசின் சுவாமியார் வருமுன்னரே லயோலாவிற் பயின்று 1934-ம் ஆண்டில் தேறியவர்; பின் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி புரிந்தார். எனவே வகுப்பறைக் கணக்குப்படி இவர் சுவாமியாரின் மாணவர் அல்லர். ஆயினும் இவருடைய கவனத்தைத் தொடர்களின் ஆராய்ச்சியிலிருந்து வகையீட்டுச் சமன்பாடுகளின் பக்கம் திருப்பியதில் சுவாமியாருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆராய்ச்சியாளருக்கு நிலையான உத்தியோகம் எளிதிற் கிட்டாத அந்நாளில் அவருடைய ஆதரவும் இவருக்குத் துணையாயிற்று. பின்னர் ஆந்திர சர்வகலாசாலையில் பணியாற்றிய மீனாட்சிசுந்தரம், பிரின்ஸ்டனுக்குச் சென்று, சுவீடன் நாட்டுக் கணிதரான பிளெயல் என்பவருடன் சேர்ந்து 1949-ம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. மிருதங்கத்தின் தோல் எத்தனை சுரங்களை எழுப்பவல்லது என்பது அதன் வடிவத்தைப் பொறுத்தது. வளைந்த பரப்புகள் அனைத்துக்கும் அத்தகைய சுரங்களின் தொகுதியை எவ்வாறு ஆராய்வது என்பதே அக்கட்டுரையின் பொருள். இன்றைக்கும் அவ்விருவர் பெயரும் அத்துறையில் வழங்கிவருகின்றன.

அடுத்து வருவோர் இருவர். பெயரால் பிரிக்க இயலாதவர். எம். எஸ். நரசிம்மன் வடஆர்க்காட்டுச் சீமையின் தண்டரை என்னும் கிராமத்திலும், சி. எஸ். சேஷாத்திரி காஞ்சீபுரத்திலும் 1932-ம் ஆண்டிலேயே பிறந்தனர். இருவரும் லயோலாவிற் பயின்றனர். அவர்கள் ஆனர்ஸ் வகுப்பை முடித்த காலத்தில் கணித மாணவர் நாடிய பாதைகள் பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகமோ கலாசாலை உபாத்தியாயர் வேலையோ ஆக இருந்தன. பம்பாயில் ஹோமி பாபா 1945-ம் ஆண்டு நிறுவிய தாதா ஆராய்ச்சி நிலையத்தில், கே. சந்திரசேகரன் 1949-ம் ஆண்டு முதல் ஒரு கணிதப் பிரிவை உருவாக்கி வந்தார். அது இளமரமாய் இருந்தது. அது வளருமா என்று கூறுவார் சிலரே. அவ்விடத்துக்குச் செல்லுமாறு தம் சிறந்த மாணவர்களை ராசின் சுவாமியார் தூண்டினார். 1953-ம் ஆண்டு இருவரும் அங்கு சேர்ந்தனர். சில ஆண்டுகளில் பாரிசுக்கும் சென்று, தம் ஆசான் வாயிலாகப் பெயர் கேட்டறிந்த நாட்டின் கணிதத்தை நேரிற் பயின்றனர். 1965-ம் ஆண்டு அவர்கள் இணைந்து வெளியிட்ட தேற்றம், வேறுவேறு துறைகளிற் பிறந்த இரு பொருள்கள் உண்மையில் ஒன்றே எனக் காட்டியது. கணிதத்திலும் பௌதிகத்திலும் அதன் வித்திலிருந்து பல கிளைகள் தோன்றின. சேஷாத்திரி சென்னைக்குத் திரும்பி 1989-ம் ஆண்டு தொடங்கிய கணித நிலையம் இளைஞர் பலருக்குப் புகலிடமாயிற்று. அவர் 2020-ம் ஆண்டிலும், நரசிம்மன் 2021-ம் ஆண்டிலும் காலமாயினர்.

மூன்றாவதாகக் கூறவேண்டியவர் சி. பி. ராமானுஜம். இவர் வரலாறு மகிழ்ச்சியும் துயரமும் கலந்தது. 1938-ம் ஆண்டு பிறந்த இவர், 1952-ம் ஆண்டு முதல் 1957-ம் ஆண்டு வரை லயோலாவிற் பயின்றார். ராகவன் நரசிம்மனும் இவரும் கணிதத்தையே உணவாகக் கொண்ட இளைஞர். தந்தையாரோ மகனைக் கல்கத்தாவின் புள்ளியியல் நிலையத்துக்கு அனுப்ப விரும்பினார். அந்நிலையில் ராசின் சுவாமியார் ஊக்கமூட்டி, பம்பாய் நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதினார். அக்கடிதத்தில் மதிப்பெண்களைப் பெரிதுபடுத்திலர். இவ்விளைஞரிடம் சுயசிந்தனை உண்டு, அறியும் ஆவல் உண்டு, வாய்ப்பளித்தால் நல்ல ஆராய்ச்சியாளராவார் என்னும் கருத்தையே தெரிவித்தார். மிகைப்பட ஒரு சொல்லும் இல்லை. புகழ்மாலை சூட்டும் கடிதங்களை எழுதிப் பழகிய நமக்கு அவ்வடக்கம் ஒரு பாடமாகும். கடிதம் பொய்க்கவில்லை. எண்ணியலிலும் இயற்கணித வடிவியலிலும் ராமானுஜம் கண்ட முடிவுகள் அவர் பெயரை நிலைநாட்டின. ஆயினும் கொடிய மனநோய் அவரைப் பற்றி வருத்தியது. 1974-ம் ஆண்டு, முப்பத்தாறாம் வயதிலேயே அவர் வாழ்வு முடிந்தது. அதைக் கேட்கும்படி அவருடைய முதிய ஆசான் உயிருடன் இருந்தார். மாணவனின் உயர்வைக் காணும் பேறு பெற்ற ஆசிரியர், சிலவேளை மாணவனின் மறைவையும் தாங்க வேண்டியவராகிறார்.

ராகவன் நரசிம்மன் சிக்கலெண் சார்புகளின் துறையில் பெரும்புகழ் பெற்று, சிக்காகோ சர்வகலாசாலையில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து 2015-ம் ஆண்டு மறைந்தார். இவ்வாறு ஒரு கலாசாலையின் ஆனர்ஸ் வகுப்பிலிருந்து ஒருசில ஆண்டுகளுக்குள் உலகறிந்த கணிதர் பலர் வெளிவந்தமை தற்செயலாக நிகழ்ந்ததென்று கொள்ளுதல் பொருந்தாது. லயோலாவிற் கற்பித்த பிற ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. சேஷாத்திரியின் தலைமுறையினர் நாராயணன் என்னும் ஆசிரியரையும் நன்றியோடு குறிப்பிட்டனர். தெளிவாகக் கற்பிப்போரும், தொலைவைக் காட்டுவோரும் ஒருங்கே அமைந்த கலாசாலையே நிறைவுற்ற கலாசாலை.

ஈண்டு ஓர் ஐயத்தைக் கிளப்பாது விடுதல் நேர்மையன்று. சுவாமியாரின் முறை சிறந்த சிலருக்கு மட்டுமே பயன்பட்டதன்றோ? வகுப்பில் அமர்ந்திருந்த ஏனையோர் நிலை யாது? அவருடைய சொற்பொழிவு விளங்காமல், நவீன கணிதத்திலும் நாட்டம் செல்லாமல், பட்டம் ஒன்றே வேண்டி நின்ற மாணவர்களும் இருந்திருப்பர். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய குடியானவருக்கு, மகன் தேறினான் என்னும் செய்தியே உலகில் இனியது. அதைச் சிறிதென்று இகழ நமக்கு உரிமையில்லை. ஆகவே எல்லா ஆசிரியரும் ராசின் சுவாமியாரைப் போல் கற்பிக்க வேண்டுமென்று நான் கூறேன். அத்தகையார் ஒருவரேனும் ஒவ்வொரு கலாசாலையிலும் இருத்தல் வேண்டும் என்றும், அவரிடம் குறிப்பெழுத வசதியில்லை என்று குறை கூறும் மாணவர், அவர் வேறெதையேனும் தருகின்றாரா எனச் சிறிது பொறுத்து நோக்க வேண்டும் என்றுமே கூறுவேன்.

மற்றொன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. இத்தனை சிறந்த மாணவரைப் பெற்ற ஓர் ஆசிரியர், அவர்களைத் தம்மருகே வைத்துத் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தை அமைத்துக்கொள்ள விரும்புவது இயல்பு. சுவாமியார் அவ்வாறு செய்திலர். தாம் கற்பித்த இடத்தில் ஆராய்ச்சிக்கு ஏற்ற வசதி போதாது, பம்பாயிலோ அதனினும் சிறந்த வசதி உண்டு என்று கண்டவுடன், மாணவரை அங்கே செல்லப் பணித்தார். அவர்தம் சொந்த ஆராய்ச்சியோ, 1934-ம் ஆண்டின் தொடக்கம் காட்டிய அளவுக்கு வளரவில்லை. கணித வரலாற்றில் அவர் பெயரால் வழங்கும் பெருந்தேற்றம் எதுவும் இல்லை. தம்மினும் பெரியோரைத் தாமே உருவாக்கி, அவர் தம்மைக் கடந்து செல்வதைக் கண்டு களித்தல் எளிய துறவன்று. பொருளையும் இல்லறத்தையும் துறத்தல் துறவிகள் பலர்க்கு இயலும். புகழைத் துறத்தல் அறிஞர்க்கு மிக அரிது.

1967-ம் ஆண்டு அவர் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றார். 1976-ம் ஆண்டு இவ்வுலக வாழ்வை நீத்தார். ஏறக்குறைய எண்பதாண்டு வாழ்வில் பாதியளவை நம் நாட்டுக்கே அளித்தார்.

பெரம்பலூர், அரியலூர் நாட்டு மாணவ நண்பர்காள்! உங்கள் ஊர்களைச் சூழ்ந்துள்ள கரிய மண்ணின் கீழ்ச் சுண்ணாம்புக் கற்களில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் உருவங்கள் பதிந்து கிடக்கின்றன. உழுபவர் காலில் இடறிய அக்கற்களை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. அறிந்தவர் கண் பட்டபின் அரியலூர் என்னும் பெயர் உலக நிலவியல் நூல்களில் ஏறியது. மாணவரிடத்தில் மறைந்துள்ள திறமையும் அத்தகையதே. கொல்லர் பட்டறையில் ஒரு கார்த்தானையும், தண்டரைக் கிராமத்து இளைஞரிடத்தில் ஒரு கணிதப் புலவரையும் கண்ட கண்கள் இருந்தன. அத்தகைய கண் உங்கள்மேற் படும்வரை காத்திருப்பதோடு அமையாது, வகுப்பிலே பரீக்ஷைக்கு அப்பாற்பட்ட ஒரு செய்தி கூறப்படும் வேளையில் எழுதுகோலை மூடிவிடாது செவிகொடுத்துக் கேளுங்கள். நாளை ஆசிரியராகப் போவோர், உங்கள் முன் அமரும் மாணவருள் உங்களினும் பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர். அவரைக் கண்டுகொள்வதும், கண்டபின் அவர் செல்லவேண்டிய இடத்துக்கு மனமுவந்து அனுப்பிவைப்பதுமே ராசின் சுவாமியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.